பியூட்டைல் தொகுதியும் தொழில் வளர்ச்சியும்

பெங்களூருவின் லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் சாலையோரப் பஞ்சர் கடைகளில் தொங்கும் டியூப்களில் ‘பியூட்டைல்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அச்சொல்லைப் படிப்போர் பலர். அது எதைக் குறிக்கிறது என வினவுவோர் சிலரே.

கெட்டுப்போன வெண்ணெயின் வாடைக்குக் காரணமான பியூட்டிரிக் அமிலத்தினின்றும் பிறந்தது இப்பெயர். நான்கு கார்பன் அணுக்களும் ஒன்பது ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட இத்தொகுதி, பிறிதோர் அணுவுடனோ தொகுதியுடனோ இணைந்தே சேர்மமாகிறது. கார்பன்கள் நேர் வரிசையிலும் கிளைவிட்டும் அமையக்கூடுமாதலால் நார்மல், ஐசோ, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை என இதில் நான்கு வகைகள் உண்டு. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, இயல்போ வேறு. நார்மல் பியூட்டைல் ஆல்கஹால் ஏறத்தாழ 118 டிகிரி செல்சியசில் கொதிக்கும். மூன்றாம்நிலை ஆல்கஹாலோ 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதன் உருகுநிலை 25 டிகிரியைச் சற்றே கடந்தது. ஆகவே, பெங்களூருவின் மார்கழிக் காலையில் ஆய்வுக்கூடப் புட்டியில் அது கட்டியாக உறைந்து கிடப்பதில் வியப்பில்லை. அமைப்பு மாறினால் குணம் மாறும் என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய சான்று தேவையில்லை.

தொழில்துறையில் பியூட்டைல் நுழைந்தது வேண்டாத விருந்தாளியாகவே. முதல் உலகப் போரில் கார்டைட் வெடிமருந்து செய்ய அசிட்டோன் பெருமளவில் தேவைப்பட்டது. மாவுப்பொருளை நுண்ணுயிரால் நொதிக்கச் செய்து அதனைப் பெறும் முறையை வைஸ்மன் கண்டறிந்தார். ஆனால் அம்முறையில் ஒரு பங்கு அசிட்டோனுடன் ஏறத்தாழ இரு பங்கு பியூட்டனாலும் விளைந்தது. அதனை என்ன செய்வதென்று அன்று தெரியவில்லை. இந்தியாவில் நாசிக்கில் இம்முறைக்கென ஓர் ஆலை எழுந்தது. 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திற்கு வந்த பேராசிரியர் கில்பர்ட் ஃபௌலர் அசிட்டோன் உற்பத்தி ஆய்வில் ஈடுபட்டார்.

போர் ஓய்ந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. மோட்டார் வண்டிகளுக்கு விரைந்து உலரும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு 1920-களில் பரவியது. அதற்கேற்ற கரைப்பானாக அமைந்தது பியூட்டனாலிலிருந்து கிடைக்கும் பியூட்டைல் அசிட்டேட். பியூட்டனாலுக்காகவே ஆலைகள் இயங்கலாயின, அசிட்டோன் உபபொருளாயிற்று.

டியூப்பிலுள்ள பியூட்டைல் ரப்பரின் கதை வேறு. கண்டிப்பாகப் பார்த்தால் அதில் இருப்பது பியூட்டைல் தொகுதியன்று. ஐசோபியூட்டிலீன் மூலக்கூறுகள் சிறிதளவு ஐசோபிரீனுடன் சங்கிலியாகக் கோக்கப்பட்டதே அது. 1937-இல் அமெரிக்காவில் உருவான இந்த ரப்பர், சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 100 டிகிரிக் குளிரில் தயாராகிறது. இதன் வழியே கசியும் காற்று, இயற்கை ரப்பரில் கசிவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எனவேதான் டியூப் இல்லாத டயர்களின் உட்பூச்சிலும் இதன் வழிவந்த ரப்பரே இடம்பெறுகிறது.

இயற்கை ரப்பர் விளையும் நம் நாடு, இந்த ரப்பரை நெடுங்காலம் முழுவதும் இறக்குமதி செய்துவந்தது. 2012-இல் ரிலையன்சும் ரஷ்யாவின் சிபூரும் கூட்டு நிறுவனம் அமைத்து, ஜாம்நகரில் ஆண்டுக்கு 1,20,000 டன் திறனுள்ள முதல் ஆலையை நிறுவின. 2010-களின் இறுதியில் உற்பத்தி தொடங்கிற்று. பியூட்டனாலைப் பொறுத்தவரை, நொதித்தலின் இடத்தைப் பெட்ரோலிய வழி பிடித்துக்கொண்டது. கொச்சியில் பாரத் பெட்ரோலியத்தின் வளாகம் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்குச் சுத்திகரிப்பாலையின் புரொப்பிலீனிலிருந்து பியூட்டனாலும், அதனை அக்ரிலிக் அமிலத்துடன் இணைத்துப் பியூட்டைல் அக்ரிலேட்டும் பெறப்படுகின்றன. சுவருக்குப் பூசும் எமல்ஷன் வண்ணத்தை உரியாமல் பிடித்து வைப்பது இந்த அக்ரிலேட்டே.