மின்னொழுக்கும் மூன்றாவது கம்பியும்



மடப்பள்ளியில் கிரைண்டரைத் தொட்டதும் விரலில் "சுர்" என்று ஓர் உணர்வு ஏற்பட்டால், "ஈரக்கை, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது விட்டுவிடக்கூடிய விடயமன்று. இப்பாடத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசியுங்கள்.

மின்னொழுக்கு என்றால் என்ன?

மின்சாரம் ஒரு கம்பியால் வந்து மற்றக் கம்பியால் திரும்ப வேண்டும். கம்பியின் உறை கிழிந்தாலோ, உள்ளே நீர் புகுந்தாலோ அது இயந்திரத்தின் உலோக உடலுக்கு வந்துவிடும். மூன்றாவதான புவிக்கம்பி இருந்தால் அவ்வழியே நிலத்துக்குப் போகும். இல்லாவிட்டால் தொடுபவரே அதற்கு வழியாகிறார். வெறுங்காலும் ஈரத் தரையும் அந்த வழியை இலகுவாக்குகின்றன.

ஏறக்குறைய 1 மில்லியம்பியரை நாம் உணர்வோம். 10 ஐத் தாண்டினால் பிடித்த கையை விடமுடியாமற் போகலாம். 30 ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே குழம்பலாம்.

எஸ்பியர்க்கில் கவனிக்க வேண்டியது

டெனிஷ் பிளக்கில் புவித்தொடுப்பு மூன்றாவது முனையாக இருக்கிறது. ஜெர்மன் பிளக்கிலோ அது பக்கத் தகடுகளில் இருக்கிறது. ஜெர்மனியில் வாங்கிய பொருளின் பிளக் டெனிஷ் சுவர்ப் பொருத்தியில் நன்றாகவே பொருந்தும், பொருளும் வேலை செய்யும். ஆனால் புவிக்கம்பி இணையாது. ஊரிலிருந்து கொண்டுவரும் கிரைண்டருக்கு மலிவான மாற்றுப் பிளக் போட்டாலும் இதே நிலை ஏற்படலாம்.

"எச்.பி.எஃப்.ஐ ரிலே இருக்கிறதே" என்பீர்கள். 2008 யூலை 1 முதல் டென்மார்க்கில் எல்லா வீடுகளிலும் இவ்வகை ரிலே கட்டாயம். 30 மில்லியம்பியர் ஒழுகினால் அது மின்சாரத்தை நிறுத்தும். ஆனால் புவிக்கம்பி இருந்தால் பழுது ஏற்பட்டவுடனேயே நிறுத்தும். இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பின்புதான் நிறுத்தும். ஆகவே இரண்டும் வேண்டும்.

வெளியிடங்களிலும் இந்த ஆபத்து உண்டு. 2004 சனவரியில் நியூயோர்க்கில் நாய்களுடன் நடந்து சென்ற ஒரு பெண், வீதியில் மின்னொழுக்கு ஏறியிருந்த உலோக மூடியை மிதித்து உயிரிழந்தார். அதன் பின்னரே அங்கு தெருவிளக்குகளையும் மூடிகளையும் ஆண்டுதோறும் சோதிக்கும் விதி வந்தது.

செய்ய வேண்டியவை

1. "சுர்" என்றால் உலோகத்தை மீண்டும் தொடாமல், ரிலேயில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பழுது பார்க்காமல் அப்பொருளைப் பாவிக்க வேண்டாம்.

2. புவித்தொடுப்புள்ள மாற்றுப் பிளக்கையே பாவியுங்கள். சுவரில் மூன்றாவது துளை இல்லையென்றால் அதனாலும் பயனில்லை. அனுமதி பெற்ற மின்வேலையாளரை அழையுங்கள்.

3. கடிகாரத்தை மாற்றும் நாளில் ரிலேயின் "ரீ" பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் நிற்க வேண்டும்.

4. திருவிழா மின்விளக்கு வயர்களை அபிஷேக நீர் ஓடும் தரையில் போடாதீர்கள்.

5. ஒருவரை மின்சாரம் பிடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, 112 ஐ அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: வீட்டில் உலோக உடலுள்ள பொருட்களின் பிளக்குகளைப் பெற்றோருடன் பாருங்கள். எத்தனையில் புவித்தொடுப்பு உண்மையில் இணைந்திருக்கிறது?