பூட் ஆகாத கம்ப்யூட்டரைத் தொடுமுன்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு:

1. விண்டோஸ் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருப்பது போனால் போனதுதான். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, தேவையானதை வெளி டிஸ்க்குக்கு எடுத்த பிறகே மற்ற வேலை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மளிகைக்கடைக்காரரின் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் காப்பி எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்தேன். "டேலி கணக்கு எங்கே தம்பி?" என்றார். அது சி டிரைவில் தனி ஃபோல்டரில் இருந்திருக்கிறது. எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பில் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு அவர் மகள் இரண்டு வருடக் கணக்கை முதலிலிருந்து ஏற்றினாள். அதனால் என்னென்ன மென்பொருள் ஓட்டுகிறார்கள் என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

2. காப்பி எடுக்கத் தொடங்குமுன் ஹார்டு டிஸ்க்கில் காது வையுங்கள். டக், டக் என்று அடித்தால் உடனே பவரை எடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். பழுதான செக்டர்களைத் தேடச் சொன்னால் அது டிஸ்க் முழுவதையும் படிக்கும். மிச்ச உயிரும் போய்விடும்.

3. திரையில் வரும் எரர் கோடை போனில் படம் எடுத்து வையுங்கள்.

4. பிறகு ரெக்கவரி திரை. பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெரும்பாலும் வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லினக்ஸில் டிரைவ் திறக்காவிட்டாலும் பிட்லாக்கரைத்தான் சந்தேகப்படுங்கள். ரெக்கவரி திரையில் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அப்டேட்டுக்குப் பிறகு படுத்திருந்தால் அந்த அப்டேட்டை நீக்குங்கள். அதிலும் எழவில்லையென்றால் கமாண்ட் பிராம்ப்ட்டில், கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: ரெக்கவரியில் சி டிரைவ், டி என்றோ இ என்றோ காட்டலாம். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்து, அந்த டிரைவைக் குறிப்பிட்டே கட்டளை கொடுங்கள்.

5. சரிசெய்த ஃபைல் மறுநாளே மறுபடி கெட்டால் ரேமைப் பாருங்கள். பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். பாதி அப்டேட்டில் கரண்ட் போயும் ஃபைல் கெடும். யுபிஎஸ் பேட்டரியையும் விசாரியுங்கள்.

6. திருப்பிக் கொடுக்கும்போது வாடிக்கையாளரின் கணக்கை அவர் கண் முன்னால் திறந்து காட்டுங்கள். கடைசி என்ட்ரியின் தேதியை அவரே படித்துச் சொல்லட்டும். பணம் அப்புறம்.