தொகையும் வகையும்

நுழையும்முன்

நூல்களைச் சேர்ப்பது நூலகத்தின் முதற்பணி. சேர்த்தவற்றைத் தேடுவோர்க்கு எட்டச் செய்வது அதனினும் பெரும்பணி. தன்னார்வலர் நடத்தும் மின்னூலகத்தில் நூல்களைத் தொகுக்கும் முறையைப் பழனிமலை சார்ந்த இலக்கியங்களின் வழி இப்பாடம் விளக்குகிறது.

தொகுத்தல் மரபு

தொகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. தனித்தனியே வழங்கிய அகவற்பாக்களுள் நான்கு முதல் எட்டடி வரை உள்ளவற்றைக் குறுந்தொகையாகவும், ஒன்பது முதல் பன்னிரண்டடி வரை உள்ளவற்றை நற்றிணையாகவும், பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரை உள்ளவற்றை அகநானூறாகவும் சான்றோர் தொகுத்தனர். அகநானூற்றில் பாடலின் எண்ணே திணையை உணர்த்தும். ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என வருபவை நெய்தல்.

மதுரைத் திட்டம்

இம்மரபின் இக்காலத் தொடர்ச்சியாக விளங்குவது மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற இம்முயற்சியைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் இலவசமாக வழங்கினர். வெளியாகும் வரிசையில் ஒவ்வொரு மின்பதிப்பும் ஓர் எண் பெறுகிறது. அவ்வெண் நூலை அடையாளம் காட்டுமேயன்றி, அதன் இனத்தைக் காட்டாது. ஆசிரியர், காலம், இலக்கிய வகை, இடம் என்னும் குறிப்புகளே இனங்காட்டுவன.

ஒரு நூல், இரு தொகுப்பு

பழனியடிவாரத்துத் திருவாவினன்குடியைப் போற்றும் திருமுருகாற்றுப்படை, பத்துப்பாட்டின் முதற்பாட்டு. பதினோராம் திருமுறையிலும் அது இடம்பெறுகிறது. அச்சுநூல் ஓர் அடுக்கில்தான் இருக்க இயலும். மின்னூலகத்திலோ ஒரே பதிப்பை இரு தொகுப்புகளிலும் இணைக்கலாம். படியெடுத்து இரண்டாக்க வேண்டுவதில்லை. படிகள் இரண்டானால் ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் தங்கிவிடும்.

பத்துப்பாட்டில் அதன் ஆசிரியர் நக்கீரர். திருமுறையில் நக்கீரதேவ நாயனார். இருவரும் ஒருவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொகுப்பவர் தாமே தீர்ப்புக் கூறாமல், இரு பெயர்களையும் பதிந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டுதல் வேண்டும்.

பெயர்களை இணைத்தல்

அகநானூற்றின் முதற்பாடலில் வரும் பொதினி இன்றைய பழனி. புறநானூற்றின் 205-ஆம் பாடல் சுட்டும் கோடைமலையைக் கொடைக்கானல் பகுதியோடு பொருத்துவர். 'பழனி' எனத் தேடும் மாணவர்க்குப் பொதினியைப் பாடிய மாமூலனார் கிடைக்கமாட்டார். நூலகத்தில் இருந்தும் அப்பாடல் அவருக்கு இல்லாததாகிவிடும். அதற்காக மூலத்தில் பொதினியைப் பழனி என மாற்றுவது பிழை. பாடம் மாறாதிருக்க, இரு பெயர்களையும் குறிப்பில் இணைப்பதே முறை.

இவ்வாறு இணைத்தால், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைப் பாடும் புறநானூற்றுப் பாடல்கள் (141–147), சிறுபாணாற்றுப்படை, அருணகிரிநாதரின் பழனித் திருப்புகழ் ஆகியன 'பழனிமலை இலக்கியம்' என ஒருங்கே திரளும். அவை தத்தம் பழைய தொகுப்புகளிலும் நிலைத்திருக்கும்.

பலர் கூடிச் செய்யும் பணியில், ஒருவர் 'நக்கீரர்' என்றும் மற்றொருவர் 'நக்கீரனார்' என்றும் பதிந்தால் ஒரு புலவர் இருவராகிவிடுவார். ஆதலின் பெயர் வழக்கு குறித்த பொது விதிகளைப் பணி தொடங்கும்போதே வகுத்து எழுதிவைத்தல் இன்றியமையாதது. தொகுத்தவர் மாறினும் விதிகள் நிலைத்தால் நூலகம் நிலைக்கும். அழியாமற் காப்பது பாதிப்பணி. தேடுவோர் கண்ணில் படச் செய்வதே அதனை நிறைவாக்கும்.