பொலித்தீன் இல்ல மரக்கறிச் செய்கை: சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வளர்த்தல்

"அகல உழுவதிலும் ஆழ உழுவதே மேல்" என்பது முன்னோர் வாக்கு. மலைநாட்டிற் பொலித்தீன் இல்லம் அமைத்துக் குடைமிளகாய், தக்காளி, சலாது வெள்ளரி ஆகியவற்றைப் பயிரிட விரும்பும் கமக்காரர் பலர், "எவ்வளவு பெரிதாகப் போடலாம்?" என்றே முதலில் வினவுகின்றனர். காணி உறுதியை ஈடுவைத்துப் பெரிய இல்லம் அமைத்தபின் முதற் போகத்திலேயே வாடல்நோய் கண்டால், எஞ்சுவன கடனும் வட்டியுமே. ஆகவே, சிறு குடும்பங்களின் கையால் இத்தொழில் வளர்ந்த ஓரிடத்தின் வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

அல்மேரியாவின் வரலாறு

ஸ்பெயின் தேசத்தின் தென்கிழக்குக் கரையில் அல்மேரியா மாகாணம் உளது. அங்கு ஆண்டு மழை ஏறக்குறைய 8 அங்குலமே, காற்றோ கடுமையானது. 1950ஆம் ஆண்டுகளில் அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தின் மூலம் சிறு காணிகளைப் பெற்ற குடும்பங்கள் முதலிற் சீர்செய்தது மண்ணையே. களிமண்ணின் மீது எருவிட்டு, அதன்மேற் சுமார் 4 அங்குலக் கனத்துக்கு மணல் பரப்பினர். மணற்போர்வை ஈரத்தைக் காத்தது. உப்பு மேலெழுவதைக் குறைத்தது. மண்ணை வெதுவெதுப்பாக வைத்துப் பயிரை முன்கூட்டியே காய்க்கச் செய்தது.

கூரை அதன் பின்னரே வந்தது. 1963இல் ரொக்கேற்றாஸ் என்னும் ஊரில் முதலாவது பிளாஸ்ரிக் இல்லம் பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டது. திராட்சைக் கொடிக்கு அவ்வூரார் இடும் கம்பிப் பந்தலையே சிறிது மாற்றி, இரு கம்பி வலைகளுக்கிடையே பிளாஸ்ரிக் விரிப்பைப் பிடித்துக் கட்டினர். கோடையிற் கூரைமேற் சுண்ணாம்பு பூசி வெப்பத்தைத் தணித்தனர். நடுகை, கிளைகழித்தல், அறுவடை யாவற்றையும் வீட்டாரே செய்தனர். உள்ளூர் ஏல நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் விளைவை விற்றுக் கொடுத்தன. இன்று அங்கு 30,000 ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலம் கூரையின் கீழ் உளது. எனினும் ஒரு குடும்பத்தின் பங்கு சராசரி சுமார் 2 ஹெக்டயர், அதாவது 5 ஏக்கர் அளவே.

நேர்ந்த இடர்கள்

2006ஆம் ஆண்டின் இறுதியில், அல்மேரியாக் குடைமிளகாயில் தடைசெய்யப்பட்ட பீடைநாசினியின் எச்சம் உண்டென்பது ஜேர்மனியிற் கண்டுபிடிக்கப்பட்டது. சிலர் செய்த பிழையால் எல்லோருடைய விளைவின் மீதும் ஐயம் எழுந்தது. அடுத்த போகத்தில் மிகப் பெரும்பாலான குடைமிளகாய்ச் செய்கையாளர், பனிப்பூச்சியையும் வெண் ஈயையும் தின்னும் நன்மைபயக்கும் பூச்சிகளையும் சிற்றுண்ணிகளையும் இல்லங்களுள் விட்டுப் பீடைகளை அடக்கினர். இழந்த நம்பிக்கையை மீட்டனர். ஆயினும், அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தமையாற் கடல்நீர் நிலத்தடியிற் புகுந்த துன்பமும், கழிவுப் பிளாஸ்ரிக் குவிந்த துன்பமும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. அவர்களின் மணற்போர்வையை அப்படியே பின்பற்றற்க. நுவரெலியாவில் ஆண்டுக்குச் சுமார் 75 அங்குல மழை பெய்கிறது. நமக்கு இடர் வறட்சியன்று, மழையும் நோயுமே. பற்றீரியா வாடல்நோய் மண்ணில் தங்குவது. நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய் கண்ட மண்ணில் தக்காளியையோ குடைமிளகாயையோ மீண்டும் நடாது, தும்புத்தூள் நிரப்பிய பைகளில் வளர்த்தல் நன்று.

2. வீட்டார் நாள்தோறும் ஒவ்வொரு செடியையும் பார்வையிடக்கூடிய அளவில் ஓர் இல்லத்தை மட்டும் அமைக்குக. இரு போகக் கணக்கைப் பார்த்த பின்னரே அடுத்ததை எண்ணுக.

3. பொலித்தீன் விரிப்பு ஏறக்குறைய மூன்றாண்டிற் பழுதடையும். ஒவ்வொரு விற்பனையிலும் புதிய விரிப்புக்கென ஒரு தொகையை ஒதுக்குக. இதனை ஒதுக்காது கண்ட இலாபம் இலாபமன்று.

4. கூரைநீரைச் சேமிக்குக. 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர் நீர் விழும்.

5. நடுமுன் வாங்குவோரைத் தேடுக. அயலவருடன் சேர்ந்து தரம்பிரித்து விற்பின், வண்டிக்கூலி குறையும். விலைபேசும் வலிமையும் பெருகும்.

6. கூரையின் கீழ் மழை பெய்து மருந்தைக் கழுவுவதில்லை. ஆதலால், விதந்துரைக்கப்பட்ட பீடைநாசினியை மாத்திரம் உபயோகித்து, சிட்டையிற் குறித்த நாட்கள் கழிந்த பின்னரே காய் பறித்தல் வேண்டும்.

கமக்காரர்களே, முதலாவது இல்லம் உங்கள் உழைப்பால் எழுக. இரண்டாவது இல்லம் முதலாவதன் வருவாயால் எழுக. இடந்தெரிதல், கூரையின் உயரம், காற்றோட்டம் ஆகியன பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கலந்தாலோசித்த பின்னரே முதற் கம்பத்தை நாட்டுக.