அணைய மறுக்கும் மடிக்கணினி

ஊராட்சி அலுவலகங்களின் வரவு செலவுக் கணக்குகள் இன்று கணினியில் ஏறியுள்ளன. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியே மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் பல விவசாயக் குடும்பங்களிலும் இருக்கின்றன. எனவே, இக்கருவியில் அடிக்கடி காணும் ஒரு கோளாற்றை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

‘ஷட் டவுன்’ கொடுத்ததும் திரை இருண்டுவிடுகிறது. ஆனால் சிறு விளக்கு எரிகிறது, விசிறியும் சுழல்கிறது. அணைந்துவிட்டதென எண்ணி அதனைப் பைக்குள் வைத்தால், சூடு வெளியேற வழியின்றிப் பாட்டரி கெடும். மறுநாள் கிராம சபையில் கணக்கைக் காட்டவேண்டிய வேளையில் கணினி உயிரற்றுக் கிடக்கும்.

இதன் காரணம் யாது? கிணற்று மோட்டாரின் சுவிட்சைத் தள்ளியவுடன் மின்சாரம் நின்றுவிடும். கணினியில் அவ்வாறன்று. முதலில் திறந்துள்ள வேலைகள் மூடப்பட வேண்டும். பின்னர்த் தகவல்கள் வட்டில் எழுதப்பட வேண்டும். அதன்பின் ஒவ்வோர் உறுப்பும் ஓய்வு பெற வேண்டும். இறுதியிலேயே மின்சாரம் துண்டிக்கப்படும். இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் கணினி பாதி வழியில் நின்றுவிடும். தடை எங்குள்ளதென எளியதிலிருந்து தொடங்கிச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, பொறுத்திருத்தல். புதுப்பிக்கும் வேலை நடைபெறுவதாகத் திரை அறிவித்தால், சார்ஜரை இணைத்துவிட்டு, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பென் டிரைவ், பிரிண்டர், மவுஸ் முதலியவற்றைக் கழற்றிவிட்டு அணைத்துப் பார்த்தல். இப்போது அணைந்தால் குறை அவற்றுள் ஒன்றைச் சார்ந்ததாகும். ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்து அதனைக் கண்டுகொள்ளலாம்.

மூன்றாவது, ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்தியவாறே ‘ஷட் டவுன்’ கொடுத்தல். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் ஏற்பாடு உண்டு. அடுத்த முறை விரைவில் தொடங்கும்பொருட்டு, இது கணினியின் நிலையில் ஒரு பகுதியை வட்டில் சேமித்து வைக்கும். ஷிஃப்ட் விசையுடன் அணைத்தால் அச்சேமிப்பு நிகழாது. அவ்வாறு மட்டுமே கணினி முழுவதும் அணையுமாயின், ‘கண்ட்ரோல் பேனல்’ உள்ளே ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் அவ்வேற்பாட்டை நீக்கிவிடலாம். கணினி தொடங்கச் சற்றே தாமதமாகும்; வேறு நட்டமில்லை.

நான்காவது, உறுப்புகளை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருளைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து பெற்றுப் புதுப்பித்தல். ‘பயாஸ்’ புதுப்பித்தலைத் தேர்ந்தவரிடம் விடுவதே நலம். அது நடக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் கணினியே இயங்காது போகக்கூடும்.

நெடுநேரம் காத்திருந்தும் அணையாவிடில், பவர் பொத்தானைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். இதனை அன்றாட வழக்கமாக்கலாகாது. எழுதி முடியாத தகவல் அழிந்துபோகும்.

பழுது பார்க்கக் கொடுக்குமுன், கணக்குகளையும் பயனாளிகள் பட்டியலையும் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்வோமாக. எந்தச் சோதனையில் என்ன நிகழ்ந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்போமாயின், பழுது பார்ப்பவரின் உழைப்பும் ஊராட்சியின் பணமும் மிச்சமாகும்.