மருந்துப் பெட்டியும் கதைப் புத்தகமும்: வீட்டுக்கு உதவும் சில குறிப்புகள்

பி.பி. பார்க்கும் கருவி, சுகர் மெஷின், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப், நெபுலைசர் என்று இப்போது பல வீடுகளில் ஒரு குட்டி கிளினிக்கே இருக்கிறது. அதே வீட்டில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளையும் இருக்கிறது. கருவி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், அது காட்டுவதை நிதானமாகப் படிக்க ஓர் ஆள் வேண்டும். வரி விடாமல் படிக்கும் அந்தப் பழக்கம் மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இரண்டுக்குமான குறிப்புகளைச் சேர்த்தே தருகிறேன்.

1. வீசிங் உள்ள குழந்தைக்கு நெபுலைசர் வைக்கும் நேரத்தைக் கதை நேரமாக்குங்கள். மருந்து முழுவதும் போய்ச் சேர ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். அதுவரை மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். குழந்தை அழுது திமிறினால் நுரையீரலுக்குப் போகும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். அழுகிறதே என்று மாஸ்கைத் தள்ளிப் பிடித்துப் புகையை மட்டும் காட்டினால் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். பெரிய படங்கள் உள்ள புத்தகம் ஒன்றைப் பிரித்து, மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கும்படி காதருகே படியுங்கள். ‘குரங்கு எங்கே ஒளிஞ்சிருக்கு?’ என்று கேளுங்கள். மாஸ்க்குக்குள் இருப்பதால் குழந்தை பேசாது, விரலை வைத்துக் காட்டும். ‘வால் மட்டும் தெரியுதே, அது யாரோடது?’ என்று அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். மூச்சு தானாகச் சீராகும். அந்தப் புத்தகத்தை நெபுலைசருக்கென்றே தனியாக எடுத்து வையுங்கள். மெஷினை எடுத்ததும் குழந்தையே அதைத் தேடும். முடிந்ததும் மருந்து ஊற்றும் கிண்ணத்தையும் மாஸ்கையும் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள்.

2. தடுப்பூசிக்கு அழைத்துப் போகும்போது பால் புட்டியோடு ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தையும் பையில் வையுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-இல் குழந்தை மருத்துவர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவரே ஒரு புத்தகத்தைக் கொடுத்து, எப்படிப் படித்துக் காட்டுவது என்று பெற்றோருக்கும் சொல்லித்தருவார். பின்னர் அது அந்த நாடு முழுவதும் பரவியது. குழந்தை பிறந்ததிலிருந்தே சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் தன் மருத்துவர்களை அறிவுறுத்தியது. எடை, உயரம் பார்ப்பதுபோல ‘வீட்டில் கதை படிக்கிறீர்களா?’ என்று நம் ஊர் மருத்துவர்களும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் கேட்காவிட்டாலும் நாம் தொடங்கிவிடலாம்.

3. மருந்து, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில். புத்தகம், கைக்கு எட்டும் உயரத்தில். பல வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது.

4. தாத்தாவின் பி.பி. நோட்டை எழுதும் வேலையை மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுங்கள். தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு என ஐந்து கட்டம் போட்டால் போதும். சரியாகப் பார்க்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி, கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றக் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். பேரன் அதை ஒவ்வொரு வரியாகப் படிக்க, தாத்தா அதன்படி உட்காருவார். பெரியவர்கள் நாம் சொன்னால் இவ்வளவு பணிவாகக் கேட்க மாட்டார்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85-ஐத் தொடர்ந்து தாண்டினால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். எண்ணைப் பார்த்து மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

5. காய்ச்சல் மருந்து பாட்டிலின் லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள். பாரசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அண்ணனுக்கு எழுதித் தந்த பாட்டிலைத் தம்பிக்கு அதே அளவில் ஊற்றுவது ஆபத்து. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. சமையலறை ஸ்பூன் வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

6. அதிகம் விற்கும் 300 மருந்துகளின் லேபிளில் கியூ.ஆர். கோடு இருக்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் சட்டம். போனில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பொதுப்பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், காலாவதி தேதி ஆகியவை தெரியும். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது தேதி உள்ள பக்கத்தைக் கடைசிவரை வைத்திருங்கள்.

7. ஆக்சிஜன் கிளிப்பை மாட்டும் விரலில் நெயில் பாலிஷும் கறுப்பு மருதாணியும் இருக்கக் கூடாது. விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். ஆகவே மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் கருவி 96 காட்டினாலும் காத்திருக்காதீர்கள்.

8. சுகர் பார்க்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து, எண் எக்கச்சக்கமாக ஏறிவிடும். ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே வைத்து, எடுத்தவுடன் மூடிவிடுங்கள். ஈரம் பட்டால் அது வீண்.

9. சில ஸ்மார்ட் கைக்கடிகாரங்கள் இ.சி.ஜி. எடுக்கும். சில வகை இதயத்துடிப்புக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கவும் உதவும். ஆனால் மாரடைப்பை அவற்றால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரம் ‘நார்மல்’ என்று காட்டினால் நம்பி உட்காராதீர்கள்; 108-ஐ அழையுங்கள். அந்த எண்ணையும் வீட்டு முகவரியையும், ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல உதவும் அடையாளத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதைத் தடுமாறாமல் படித்துச் சொல்லப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுங்கள்.

10. பட்டன் பேட்டரி விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர், சில சுகர் மெஷின்கள், பொத்தானை அழுத்தினால் பாட்டுப் பாடும் குழந்தைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இல்லாத பாட்டுப் புத்தகத்தை வாங்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

11. இ-சஞ்சீவனி போன்ற சேவையில் மருத்துவரிடம் வீடியோவில் பேசும் முன், என்ன தொந்தரவு, எப்போதிருந்து, என்னென்ன மாத்திரை, எதற்கு அலர்ஜி என்று நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும்.

12. பிள்ளை படிக்க மறுத்தால் திட்டும் முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். புத்தகத்தை மூக்கருகே பிடிப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, படித்தால் தலை வலிக்கிறது என்பது எல்லாம் பார்வைக் குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். கண்ணும் காதும் சரியாக இருந்தும், எட்டு வயதுக்குப் பிறகும் எழுத்துகள் குழம்பினால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அந்தக் குழந்தையைச் சோம்பேறி என்று சொல்வது பெரிய அநியாயம். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவும். அதனால் படிப்பைக் காரணம் காட்டி விளையாட்டை வெட்டாதீர்கள்.

13. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. பெரிய பிள்ளைகளுக்குப் போனில்தான் படிக்க முடியும் என்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கம் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலையாகப் பிரித்திருக்கிறது. வீட்டில் புத்தகம் வாங்கும்போதும் வகுப்பைப் பார்க்காமல் இந்தப் படியைப் பாருங்கள். ‘ஓடு’ நிலைக்கு வராத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘நட’ புத்தகமே நல்லது.

14. பாட்டிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தால், பல வாரம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். ஒரு மருந்தை விட்ட உடனே அடுத்ததை விட்டால் முதல் மருந்து வழிந்து போய்விடும். நடுவே ஐந்து நிமிடம் தேவை. போனில் அலாரம் வையுங்கள். அந்த ஐந்து நிமிடமும் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு இருக்கட்டும். பேத்தி ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கட்டும். மருந்துப் பாட்டிலைத் திறந்த அன்றே தேதியை அவளையே லேபிளில் எழுதச் சொல்லுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன கண் மருந்தை, மீதி இருந்தாலும் கொட்டிவிட வேண்டும்.