சாவியின் பெயரும் உள்ளே இருப்பதும்

அன்புள்ள கண்ணு,

சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்த கையோடு ரெடிஸ் தரவுத்தளத்தோடு மல்லுக்கட்டுவதாக எழுதியிருந்தாய். 'ராங்டைப்' என்று அது திருப்பி அனுப்பினால் பதறாதே. உள்ளே லிஸ்ட் இருக்கிறது, நீ ஹேஷ் என்று நினைத்து 'ஹெச்கெட்ஆல்' கொடுத்திருக்கிறாய்; அது மறுத்துவிட்டது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம் ஊர் நூல் மில்லில் கோன் நுனியின் நிறத்தைப் பார்த்தே கவுண்ட் பிரித்து அடுக்குவார்கள். பரிசோதனைக் கூடத்திலோ 120 கெஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போட்ட பிறகுதான் அது 40-ஆ 60-ஆ என்று சொல்வார்கள். ரெடிஸில் டேட்டாவுக்கு வைக்கும் சாவியின் (கீ) பெயர் அந்த நிறத்தைப் போலத்தான். 'ஆர்டர்:பட்டியல்' என்று பெயர் வைத்தவர் லிஸ்ட்டைத்தான் போட்டார் என்பதற்கு என்ன உறுதி? ரெடிஸில் வகையை முன்கூட்டி அறிவிக்கும் வழக்கமே இல்லை. முதலில் 'எல்புஷ்' போட்டால் லிஸ்ட், 'ஹெச்செட்' போட்டால் ஹேஷ்.

அதனால் 'டைப்' என்று அடித்துச் சாவியின் பெயரைக் கொடு. ஸ்ட்ரிங், லிஸ்ட், செட், இசட்செட், ஹேஷ், ஸ்ட்ரீம் என்று பதில் வரும். 'நன்' என்று வந்தால் அப்படி ஒரு சாவியே இல்லை. காலாவதியாகி மறைந்தும் இருக்கலாம்.

நான் உண்மையில் பயப்படுவது 'செட்' கட்டளைக்குத்தான். மற்றவை பெரும்பாலும் வகை பொருந்தாவிட்டால் மறுக்கும். இது மறுக்காது. நாள் முழுக்கச் சேர்ந்த ஆர்டர் லிஸ்ட் மேல் ஒரு 'செட்' விழுந்தால், லிஸ்ட் போய் அந்த ஒற்றை மதிப்புதான் மிஞ்சும். சாவிக்கு வைத்த காலாவதி நேரமும், 'கீப்டிடிஎல்' சேர்க்காவிட்டால், கூடவே போய்விடும். ஒரு பிழைச்செய்தியும் வராது. பழைய சாவியில் எழுதும் முன் வகையைக் கேள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

'டைப்' சொல்வது பாத்திரத்தின் வகையை மட்டும். 40 என்ற எண்ணும், '40 கவுண்ட்' என்ற எழுத்தும், நீளமான ஜேசானும் அதற்கு ஸ்ட்ரிங்தான். ஹைப்பர்லாக்லாக்கும் ஸ்ட்ரிங் என்றே வரும். இடக்குறிப்புகளைச் சேர்த்த ஜியோ சாவி இசட்செட் என்று வரும். உள்ளே எண்ணா எழுத்தா என்று பார்க்க 'ஆப்ஜெக்ட் என்கோடிங்' கொடு. 40-க்கு 'இன்ட்' என்றும் '40 கவுண்ட்'டுக்கு 'எம்ப்ஸ்டர்' என்றும் காட்டும். இரண்டாவதில் எண்ணைக் கூட்டும் 'இன்கர்' ஓடாது.

மொத்தச் சாவிகளையும் வகை பிரித்துப் பார்க்க 'கீஸ்' அடித்துவிடாதே. ரெடிஸ் கட்டளைகளை ஒற்றை இழையில் ஒவ்வொன்றாகத்தான் நடத்தும். 'கீஸ்' முடியும்வரை மற்ற எல்லாரும் காத்துக் கிடப்பார்கள். அதற்குப் பதில் 'ஸ்கேன்' கொடு; ரெடிஸ் 6.0 பதிப்பிலிருந்து அந்தக் கட்டளையோடே வகையையும் கொடுக்கலாம். ஒரு சுற்றில் வெறுமையாக வந்தால் நிறுத்திவிடாதே, அது திருப்பித் தரும் கர்சர் 0 ஆகும்வரை தொடர்.

இன்னொன்று. நீ வகையைக் கேட்டதற்கும் அடுத்த கட்டளை கொடுப்பதற்கும் நடுவில் வேறொரு நிரல் அந்தச் சாவியை மாற்றியிருக்கலாம். ஆகவே கேட்டாலும் 'ராங்டைப்'பைப் பிடிக்கும் வரிகளை நிரலில் எழுதியே வை. அடுத்த கடிதத்தில் அந்த வரிகளை எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா